படையலுக்கு முன் எடுத்துவைத்த சோறு

ஏற்காட்டில் ஒரு பள்ளி நூலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், விடுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை இரவுகளில் படம் போடுவார்கள். தவக்காலம் வந்தால் படம் மாறவே மாறாது: 1956-இல் செசில் பி. டெமில் எடுத்த ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’. சார்ல்டன் ஹெஸ்டன் மோசே, யூல் பிரைனர் ராம்சேஸ். திங்கட்கிழமை காலையில் யாராவது ஒரு பையன் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். “மிஸ், மோசேயும் ராம்சேசும் நெஜமாவே ஒரே வீட்டுல வளந்தாங்களா?”

விவிலியத்தை எடுத்து விடுதலைப் பயணத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பேன். பார்வோனின் மகள் ஆற்றிலிருந்து பிள்ளையை எடுக்கிறாள், தாயே செவிலியாகி வளர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள், பெயர் வைக்கிறார்கள். அடுத்த வரியிலேயே அவன் வளர்ந்த ஆள். எபிரேய அடிமையை அடித்த எகிப்தியனைக் கொன்று மணலில் புதைக்கிறான். அரண்மனையில் அவன் கழித்த வருடங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கூட வளர்ந்த இளவரசன் யாரும் இல்லை. பார்வோனுக்குப் பெயரே இல்லை. ராம்சேஸ் அந்தப் புத்தகத்தில் வருவது அடிமைகள் கட்டிய ஒரு நகரத்தின் பெயராகத்தான். டெமில் படத்தில் இருவரும் ஒரே அரண்மனையில் அரியணைக்குப் போட்டியிடும் உறவுக்காரர்கள். 1998-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ கார்ட்டூன் இன்னும் ஒரு படி மேலே போய் அவர்களை அண்ணன் தம்பியாகவே ஆக்கிவிட்டது.

பையனுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கோ வேறொரு கேள்வி. இல்லாத ஒரு சகோதரனை எதற்காகக் கதைக்குள் கொண்டுவருகிறார்கள்? இரண்டு சமயங்கள் மோதுகின்றன என்றால் வாசகனுக்குச் சுருக்கென்று தைப்பதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர் மோதுகிறார்கள் என்றால் தைக்கிறது. சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள்.

கல்கிக்கும் தெரியும். 1944 முதல் 1946 வரை அவருடைய பத்திரிகையில் தொடராக வந்த ‘சிவகாமியின் சபத’த்தில் சாளுக்கிய மன்னன் புலிகேசிக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. இருவருக்கும் ஒரே முகம். ஒருவன் வாதாபியில் முடி தரித்தவன். இன்னொருவர் காவி தரித்த புத்த பிக்ஷு நாகநந்தி. பிக்ஷு பல்லவ நாட்டுக்கு வந்து துறவியாக உலவிக்கொண்டே சகோதரனுக்காக ஒற்று வேலை பார்க்கிறார். சிவகாமியின் ஆட்டத்தைப் பார்த்து மனம் தடுமாறுகிறார். மூன்றாம் பாகத்துக்கே ‘பிக்ஷுவின் காதல்’ என்றுதான் பெயர். ‘பார்த்திபன் கனவு’ படித்தவர்களுக்கு இவரை ஏற்கெனவே தெரியும். அதில் ஒற்றைக் கையோடு நரபலி கேட்கும் கபாலிகர், மகா கபால பைரவர், இதே ஆசாமிதான். கல்கி எழுதிய வரிசையில் கபாலிகர் முதலில் பிறந்தார். அவருடைய இளமைக்காலம் பிறகுதான் பௌத்தமாக எழுதப்பட்டது.

நாகநந்தியை எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழ்ச் சரித்திர நாவல்களில் அவரைப் போல ஒரு வில்லன் அபூர்வம். ஆனால் பௌத்தராக அவரை நான் நம்பியதே இல்லை. புத்தர் சொன்னது எதுவும் அவரை இரவில் தூங்கவிடாமல் செய்வதில்லை. அவரை ஆட்டிவைப்பது அரியணை, அப்புறம் ஒரு பெண். காவியைக் கழற்றிவிட்டு வேறு எந்த உடையை மாட்டினாலும் கதை நடந்துவிடும். நடந்தும் விட்டதே, கபாலிகராக!

உண்மையான புலிகேசிக்கு இப்படி ஓர் இரட்டையர் இருந்ததாகச் சான்று இல்லை. இருந்த தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனன். அண்ணன் அவனை வேங்கி நாட்டுக்கு அனுப்பினான். கீழைச் சாளுக்கிய வம்சம் அவனிடமிருந்து தொடங்கியது. அவன் மனைவி ஐயண மகாதேவி பெசவாடாவிலிருந்த சமணப் பள்ளிக்குத் தானம் கொடுத்தவள். புலிகேசியின் வெற்றிகளைப் பாடி ஐஹொளேயில் 634-இல் கல்வெட்டு அமைத்த ரவிகீர்த்தி சமணப் புலவர்; அந்தக் கல்வெட்டு இருப்பதும் சமணக் கோயிலில். அந்தக் குடும்பத்தில் சிவன், திருமால், அருகர் எல்லோருக்கும் இடம் இருந்திருக்கிறது. அதற்காக யாரும் யாரையும் வெட்டிக்கொண்டதாகச் செய்தி இல்லை. பல்லவனோடு வெட்டிக்கொண்டார்கள், அது மண்ணுக்காக.

நம் பக்கத்துக்கு வந்தால் குந்தவை இருக்கிறார். ‘பொன்னியின் செல்வன்’ படித்த எல்லோருக்கும் அக்கா தம்பி பாசம் என்றால் குந்தவையும், பின்னால் ராஜராஜனான அருள்மொழியும்தான். காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழியை நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தில் பிக்ஷுக்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிற பகுதியை நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். கல்கியின் கற்பனைக்கு அடியில் கல்லும் செம்பும் இருக்கின்றன. அந்த விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை ராஜராஜன் விட்டுக்கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அக்காள் பங்கு இன்னும் சுவையானது. திண்டிவனம் பக்கத்திலுள்ள தாதாபுரத்தில் குந்தவை மூன்று கோயில் எடுத்தார்: சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணத் தீர்த்தங்கரருக்கு ஒன்று. போளூர் அருகே திருமலையில் இன்னொரு குந்தவை ஜினாலயம். தம்பியோ தஞ்சாவூரில் சிவனுக்கு மலை போலக் கோயில் கட்டியவன். அந்தப் பெரிய கோயிலில், தான் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்னபோது, தனக்கு அடுத்தபடியாக அக்கன் கொடுத்ததைத்தான் சொன்னான். மனைவிமார் அதற்கும் பின்னால். அக்காள் ஜினனுக்குக் கோயில் எடுத்ததை ஒரு பிரச்சினையாக அவன் நினைத்ததாகத் தெரியவில்லை.

(மலையிறங்கிச் சேலத்துக்குப் போனால் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைத்துக் கும்பிட்ட முனியப்பன் உண்மையில் தியானத்தில் அமர்ந்த புத்தர் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது; இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது, பூசையும் கூடாது என்றது. வழக்கு நடந்தவரை இரண்டு பக்கமும் ஒரே சிலைக்குத்தான் வாதாடிக்கொண்டிருந்தது. சிலை எத்தனையோ காலமாக இரண்டு வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தோன்றியது.)

சரி, மோசே கதை நடந்த எகிப்திலேயே எபிரேயத் தாய்க்கும் எகிப்தியத் தகப்பனுக்கும் பிறந்த நிஜமான சகோதரர்கள் யாராவது நமக்குக் கிடைக்கிறார்களா? கிடைக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து படங்களின் மேல் எனக்கிருந்த மோகம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

எகிப்தின் தென்கோடியில், இன்றைய அஸ்வான் நகரத்தை ஒட்டி நைல் நதிக்கு நடுவே எலிபன்டைன் என்றொரு தீவு. கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகர்கள் எகிப்தை ஆண்டபோது அங்கே யூதச் சிப்பாய்க் குடும்பங்கள் குடியிருந்தன. தங்கள் கடவுளுக்கு அவர்கள் அங்கேயே ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே ஆட்டுத் தலை கொண்ட எகிப்தியக் கடவுள் குனூமின் கோயில். அந்தக் குடும்பங்களின் பத்திரங்கள், அரமேய மொழியில் பாப்பிரஸ் தாளில் எழுதிச் சுருட்டி முத்திரையிட்டவை, அந்த வறண்ட மண்ணில் கெடாமல் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவற்றில் மிப்தாகியா என்ற பெண்ணின் கட்டு ஒன்று உண்டு. தகப்பன் கொடுத்த வீட்டுக்குச் சொந்தக்காரி, கெட்டிக்காரி. ஒரு எகிப்தியக் கொத்தனாரோடு ஏற்பட்ட வழக்கில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். சதி என்ற எகிப்தியப் பெண் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்து வழக்கை முடித்துக்கொண்டாள். எஸ்கோர் என்ற எகிப்தியரை மணந்தாள். அவரும் அரசாங்கக் கட்டட வேலைக்காரர். பிறந்த இரண்டு பையன்களுக்கும் யெதானியா, மக்சேயா என்று எபிரேயப் பெயர்கள். இந்த இரண்டு அண்ணன் தம்பிகளும் ஏட்டில் ஒன்றாக நிற்கும் இடம் எது என்று நினைக்கிறீர்கள்? கி.மு. 410-இல் அம்மா இறந்தபின் அவளுடைய அடிமைகளைப் பங்கு பிரித்துக்கொண்ட பத்திரத்தில். உனக்கு இவன், எனக்கு அவன். அடிமைகளின் கையில் அம்மாவின் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது என்றுகூட அடையாளம் எழுதியிருக்கிறார்கள். எகிப்தில் அடிமைப்பட்டு வெளியேறிய கதையைச் சொல்லும் சமூகத்தின் பிள்ளைகள் எகிப்திய அடிமைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு காட்சியை எழுதத் துணியமாட்டார். அதே ஆண்டில்தான் குனூம் கோயில் பூசாரிகளும் விதரங்கன் என்ற பாரசீக அதிகாரியும் சேர்ந்து அந்த யூதக் கோயிலை இடித்தார்கள். அன்றைக்கு யெதானியாவும் மக்சேயாவும் தகப்பன் வழிச் சொந்தங்களின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று பத்திரம் சொல்லாது. நாவலாசிரியருக்கு அங்கேதான் வேலை.

இதையெல்லாம் சொல்வது, சமயத்தால் உடன்பிறப்புகள் பிரிவதே இல்லை என்று நிறுவ அல்ல. பிரிகிறார்கள். எனக்கு அது வீட்டிலேயே தெரியும். ஆனால் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பதைத்தான் படங்களும் பெரும்பாலான நாவல்களும் தவறவிடுகின்றன. எந்தக் கடவுள் மெய் என்று விவாதம் செய்து பிரிந்த அண்ணன் தம்பியை நான் பார்த்ததில்லை. பந்தியில் பிரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விவிலியத்தில் இதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தொடக்க நூலில் யோசேப்பின் கதையைப் பாருங்கள். அண்ணன்மார் அவனை விற்றுவிடுகிறார்கள். எகிப்தில் பார்வோனுக்கு அடுத்த அதிகாரியாகிறான். எகிப்தியப் பெயர், எகிப்தியப் பூசாரியின் மகள் ஆசனத்தோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பஞ்சத்தில் தானியம் வாங்க வரும் அண்ணன்மாருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. துபாஷி வைத்துப் பேசுகிறான். பிறகு விருந்து. யோசேப்புக்குத் தனியாக, அண்ணன்மாருக்குத் தனியாக, கூட இருந்த எகிப்தியருக்குத் தனியாகப் பரிமாறுகிறார்கள். எபிரேயரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எகிப்தியருக்கு அருவருப்பு என்று காரணமும் எழுதியிருக்கிறது. ஒரே கூடத்தில் மூன்று பந்தி. தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் அந்தக் கூடத்தின் அமைதி விளங்கும். தாமஸ் மன் 1933 முதல் 1943 வரை நான்கு பாகங்களாக இந்தக் கதையை விரித்து எழுதினார். அவருக்கு அத்தனை பக்கங்கள் தேவைப்பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் குடும்பம் சமவெளியிலிருந்து காபித் தோட்ட வேலைக்கு மலையேறியது. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காபியை ஊன்றிவிட்டுப் போனார். அதற்குப் பின் வந்த எஸ்டேட்டுகள் எத்தனையோ ஊர்களிலிருந்து ஆட்களை மேலே இழுத்தன. அப்பா மேஸ்திரி. கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அம்மா பிறவியிலேயே வேதக்காரி. அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, இரண்டு லயன் வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர் மாரியம்மனையும் சேர்வராயனையும் கடைசிவரை விடவில்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா என்றால் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி ஜனங்களோடு சேர்ந்து உச்சிக்கு ஏறிவிடுவார். 1,623 மீட்டர் உயரத்தில் ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவிரி ஆறு வரைக்கும் போகிறது என்பார் அத்தை, போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

ஆடி மாதம் எஸ்டேட் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுவார்கள். படையல் சோற்றைத் தொடக்கூடாது என்று உபதேசியார் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அதே சங்கடம்: கோயிலில் படைத்த கறியை விசுவாசி தின்னலாமா? பவுல் பல பத்திகளில் சுற்றி வந்த விஷயத்தை அத்தை அடுப்படியில் ஒரு நிமிடத்தில் தீர்த்தார். இலை போட்டுப் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் சோறும் குழம்பும் எடுத்து மூடி வைத்துவிடுவார். பிறகு கொண்டுவந்து திண்ணையில் வைத்து, “படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டன்டா தம்பி. இது வெறும் அக்கா ஆக்குன சோறு. தின்னு” என்பார். அப்பா தின்பார். உபதேசியார் கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு பதிலும் இருந்தது.

பிறகு தாத்தா செத்துப்போனார், ஞானஸ்நானம் எடுக்காமலே. அப்பா ஒரே மகன். நீர்மாலை எடுக்கவேண்டும், கொள்ளிக்குடம் தூக்கவேண்டும், மொட்டை போடவேண்டும். யாரும் அப்பாவைப் போகாதே என்று தடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவராகவே நின்றுவிட்டார். சுடுகாட்டு ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியத்தையின் மகன் குடம் தூக்கி மூன்று சுற்று வந்து கொள்ளி வைத்தான். அன்று இரவு அத்தை எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் சொன்னார்: “பெத்தவனுக்கு நெருப்பு வெக்கறது எந்தச் சாமிடா வேணாங்குது?” அப்பா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சில ஆடிகளுக்குக் கிண்ணம் வரவில்லை.

அத்தைக்கு ஏசுவின் மேல் துளியும் கோபம் கிடையாது. வேளாங்கண்ணிக்கு யாராவது போனால் எண்ணெய் வாங்கிவரச் சொல்லி முழங்காலில் தேய்த்துக்கொள்வார். எங்கள் புதுநன்மைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவர். கோபமெல்லாம் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாத தம்பி மேல். கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயங்களில் இன்று எவ்வளவோ இளகிவிட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கம் ஊர் வழக்கங்களைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. தகனத்துக்கு இருந்த தடையை 1963-இலேயே தளர்த்தினார்கள். மலைமேல் எஸ்டேட் லயனுக்கு அந்தச் செய்தி வந்து சேர நாளாயிற்று. கிண்ணம் ஒரு வருடம் தானாகவே மறுபடி வந்தது. ஏன் வந்தது என்று அக்காளும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு சேக்கிழாரின் பெரிய புராணத்தைப் படித்தால் திலகவதியார் வேறு மாதிரித் தெரிகிறார். பண்ருட்டிப் பக்கம் திருவாமூர். புகழனாரும் மாதினியாரும் இறந்துபோகிறார்கள். திலகவதிக்கு நிச்சயித்த கலிப்பகையார் போர்க்களத்தில் மடிகிறார். தானும் செத்துவிட நினைத்தவள், தம்பி மருள்நீக்கி அநாதையாகிவிடுவானே என்று உயிரை வைத்திருக்கிறாள். அந்தத் தம்பி சமணத்தில் சேர்ந்து பாடலிபுத்திரப் பள்ளிக்குப் போய்த் தருமசேனர் என்ற பெயரில் தலைவராகவே ஆகிவிடுகிறான். அது வடநாட்டுப் பாடலிபுத்திரம் இல்லை. கடலூரில் இன்றைய திருப்பாதிரிப்புலியூர். அங்கே சமணப் பள்ளி இருந்தது கட்டுக்கதை அல்ல. ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், அங்கே எழுதி முடிக்கப்பட்டதாக அந்த நூலே சொல்கிறது. அக்காள் திருவதிகைக் கோயிலில் பெருக்கி மெழுகிக்கொண்டு, தம்பியை மீட்டுத் தரச் சொல்லி வேண்டுகிறாள். திருவதிகைக்கும் கடலூருக்கும் கால்நடையாகவே போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவ்வளவு தூரம்.

தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. பள்ளியில் யாராலும் தீர்க்க முடியவில்லை. அக்காளுக்கு ஆள் அனுப்புகிறான். போனவன் யார் தெரியுமா? சமையல்காரன். சேக்கிழார் இந்தச் சின்ன விவரத்தை விட்டுவிடவில்லை, அதற்காக அவரைக் கும்பிடலாம். திலகவதி என்ன செய்தாள்? துடித்துக்கொண்டு ஓடினாளா? இல்லை. சமணர் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தம்பிக்காக உயிரையே வைத்திருந்தவள், தம்பி வலியில் துடிக்கிறான் என்று தெரிந்தும், அந்த வாசலை மிதிக்க மறுக்கிறாள். கதாகாலட்சேபங்களில் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் கதையின் உச்சம். சுடுகாட்டு ஓரத்தில் கைகட்டி நின்ற அப்பாவும் அப்படித்தான்.

பிறகு தம்பிதான் கிளம்பவேண்டியிருக்கிறது. பாயையும் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாக நடக்கிறான். அக்காள் திருநீறு கொடுக்கிறாள், கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள், நோய் தீர்கிறது, திருநாவுக்கரசர் பிறக்கிறார். அதற்கு மேல் சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் போடுவது என்று பல்லவனின் தண்டனைகள் வரிசையாக வரும். கடைசியில் அந்தப் பல்லவனே சைவனாகிச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரிய புராணம். குணபரன் என்ற பட்டப்பெயரை வைத்து அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். சமணர்களுக்கு அவர் நியாயம் செய்திருக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். மருள்நீக்கி அந்தப் பள்ளியில் தலைவராகும் அளவுக்குக் கற்றிருக்கிறான், அங்கே அவனுக்கு ஆசிரியர்களும் நண்பர்களும் இருந்திருப்பார்கள். அந்த இரவில் அவன் விட்டுவிட்டு வந்ததில் பாயும் பீலியும் மட்டுமா அடக்கம்?

மோசேயின் அக்காள் மிரியாமுக்கும் இப்படி ஒரு கரடுமுரடான பக்கம் உண்டு, படங்கள் காட்டாத பக்கம். நாணல் புதரில் கூடையைக் காவல் காத்த சிறுமியை எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கை நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவள் வயதானவள். தம்பி ஒரு கூசு நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று ஆரோனோடு சேர்ந்து குறை பேசுகிறாள். கடவுள் கோபித்து அவளுக்குத் தொழுநோய் கொடுக்கிறார். யாருக்கு எதிராகப் பேசினாளோ அந்தத் தம்பிதான் அவளுக்காக மன்றாடுகிறான். ஏழு நாள் அவள் பாளையத்துக்கு வெளியே இருக்க, அவள் திரும்பும்வரை மொத்த ஜனமும் புறப்படாமல் காத்திருக்கிறது. ஆரோன் இன்னும் வேடிக்கை. தம்பி மலைமேல் இருந்த நேரத்தில் ஜனங்களுக்குப் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கொடுத்துவிட்டு, தம்பி வந்து கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்று வெளியே வந்தது என்று சொன்னான். வீட்டில் மாட்டிக்கொண்ட எந்த அண்ணனும் சொல்லக்கூடிய பொய். அதை அப்படியே எழுதிவைத்த கைக்கு உடன்பிறந்தவர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் மலைக்கும் உடன்பிறந்தவர் கதை ஒன்று உண்டு. மலையாளி மக்கள் சொல்வது: காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் கிளம்பினார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்க, மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள். சாமியைக் காஞ்சியிலிருந்து முதுகில் சுமந்தே கொண்டுவந்தார்கள். மூவரும் வெவ்வேறு குலத்தில் பெண்ணெடுத்ததால்தான் மூன்று மலையின் ஜனங்களும் மூன்று பிரிவாகிவிட்டார்கள் என்று பழைய சேலம் மாவட்ட ஏடுகளில் பதிந்திருக்கிறது. சாமியால் அவர்களுக்குள் சண்டை வந்ததாக எந்த வடிவத்திலும் நான் கேட்டதில்லை.

நாவல் எழுத ஆசை என்று என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லோரும் போர்க்களத்திலிருந்துதான் தொடங்குவார்கள்: அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் ஒரு கொடி. அவர்களுக்கு நான் அந்தச் சமையல்காரனைச் சொல்வேன். தருமசேனரின் அடுப்படியிலிருந்து திலகவதியின் வாசலுக்கு நடந்து, வரமாட்டேன் என்ற பதிலைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்தவன். இரண்டு பக்கத்தையும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பெயர் இல்லை. சமணனா, கூலிக்கு ஆக்கிப்போட வந்தவனா, தெரியாது. பள்ளியில் பொழுது சாய்வதற்குள் பந்தி முடிந்துவிட வேண்டும். சமணர் இரவில் உண்பதில்லை. அவன் திருவதிகைக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தான், திலகவதி அவனை உள்ளே கூப்பிட்டாளா, இல்லை வாசலிலேயே நிறுத்திப் பேசினாளா, அவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு இலை போட்டாளா, போட்டிருந்தால் அவன் உட்கார்ந்தானா? யாராவது இதை எழுதினால், அதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும்.